நல்லெண்ணெயில் கலந்த நெகிழ்வூட்டி

கோட்டக்குப்பத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்பவர்கள், காலாப்பட்டையும் கூனிமேட்டையும் கடந்து மரக்காணத்தை அணுகுகையில் உப்பளங்களைக் காண்பார்கள். சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சங்கப் பாடல்களில் வரும் உமணர்கள் இத்தகைய நெய்தற் கரைகளிலிருந்துதான் வண்டிகளில் உப்பேற்றிக்கொண்டு குடும்பத்தோடு உள்நாட்டுக்குப் பயணம் போனார்கள். உப்பு என்றதும் இலக்கிய வாசகரான நம் நினைவில் எழுவது உணவும் நன்றியுணர்வும்தான். ஆனால் இன்று உலகில் விளையும் உப்பில் சிறு பகுதியே சமையலறைக்குப் போகிறது. பெரும்பகுதி ஆலைகளுக்குப் போகிறது.

அங்கே உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடாவையும் குளோரினையும் பிரித்தெடுக்கிறார்கள். நமது கரையிலேயே, காலாப்பட்டில், 1980களிலிருந்து இத்தகைய ஆலையொன்று இயங்கிவருகிறது. குளோரின் செல்லும் இடங்கள் பல; அவற்றுள் முக்கியமானது பி.வி.சி. என்று நாம் சுருக்கமாக அழைக்கும் பாலிவினைல் குளோரைடு. அதன் எடையில் 57 விழுக்காடு குளோரின். ஒரு கிலோ பி.வி.சி. செய்ய ஏறத்தாழ ஒரு கிலோ உப்பு வேண்டும். வயலுக்கு நீர் கொண்டுபோகும் குழாய், மின்கம்பியின் மேலுறை, ரெக்ஸின் இருக்கை, மழைக்காலச் செருப்பு எல்லாவற்றிலும் ஏதோவொரு கடற்கரையின் உப்பு இருக்கிறது.

ஆனால் உப்பும் பெட்ரோலியமும் சேர்ந்து பிறக்கும் பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. அது வளையவும் மடங்கவும் வேண்டுமானால் எண்ணெய் போன்ற இன்னொரு பொருளை அதில் ஊட்ட வேண்டும். ஆங்கிலத்தில் பிளாஸ்டிசைசர் எனப்படும் அதை நெகிழ்வூட்டி என்று நாம் இங்கே குறிப்பிடுவோம். மென்மையான பி.வி.சி. பொருள்கள் சிலவற்றில் எடையில் மூன்றிலொரு பங்குக்கும் மேலாக நெகிழ்வூட்டியே இருக்கும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நெகிழ்வூட்டி பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்புக் கொள்வதில்லை. அதன் மூலக்கூறுகளுக்கிடையே தங்கியிருக்கிறது, அவ்வளவே. தங்கியிருப்பது வெளியேறவும் செய்யும். பழைய ரெக்ஸின் உறை வெடிப்பதும், புதுச் செருப்பு மணப்பதும் இந்த வெளியேற்றத்தோடு தொடர்புடையவை.

இவ்வகைப் பொருள்களுள் ஒன்றின் வரலாற்றையே இக்கட்டுரையில் பின்தொடர விரும்புகிறோம். அதன் பெயர் டிரைகிரெசில் பாஸ்பேட். தொழிற்சாலைக்காகப் பிறந்த இப்பொருள் மீண்டும் மீண்டும் ஏழைகளின் சமையலறைக்குள் நுழைந்தது. ஒருமுறை மலையகத் தமிழ்ச் சிறுமிகளின் நல்லெண்ணெய்க்குள்ளும் நுழைந்தது.

*

நெகிழ்வூட்டியின் வரலாறு கற்பூரத்தில் தொடங்குகிறது என்றால் நம்மிற் பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1870-இல் அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயட் என்பவர் தம் சகோதரருடன் சேர்ந்து, நைட்ரோசெல்லுலோஸுடன் கற்பூரத்தைக் கலந்து வெப்பத்தில் அழுத்தி உருவாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதுவே செல்லுலாய்டு. சீப்பும் பொம்மையும் பிற்பாடு திரைப்படச் சுருளும் அதிலிருந்து வந்தன. அந்தப் பொருளை நெகிழச் செய்தது கற்பூரம்.

கற்பூர மரங்கள் மிகுந்த பார்மோசா தீவு, அதாவது இன்றைய தைவான், 1895-இல் ஜப்பானின் வசமாயிற்று. 1899-இல் அங்கே கற்பூரம் அரசின் ஏகபோக வணிகமாக்கப்பட்டது. விலையும் வரத்தும் ஒரே கையில் சிக்கிக்கொண்டதால் மேற்கத்திய ஆலைகள் மாற்றைத் தேடலாயின. நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் கிரெசாலையும் பாஸ்பரஸையும் இணைத்துச் செய்யும் டிரைகிரெசில் பாஸ்பேட் அம்மாற்றுகளுள் ஒன்று. நிறமோ மணமோ பெரிதாக இல்லாத, எளிதில் ஆவியாகாத, தீப்பிடிக்கத் தயங்கும் எண்ணெய் அது. ஆலைக்கு அவை அனைத்தும் நற்குணங்கள். அதே குணங்கள் சமையலறையில் எவ்வளவு கொடியவை என்பது பின்னரே தெரிந்தது.

1926-இல் ஓஹையோ மாநிலத்தின் அக்ரன் நகரில், பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டோ செமான், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசையொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது யாருக்கும் பயன்படாதென்று கருதப்பட்ட பி.வி.சி.யை அதிக வெப்பத்தில் கொதிக்கும் திரவங்களில் இட்டுச் சூடாக்கினார். பாகுபோல் குழைந்த, ஆறியதும் ரப்பர்போல் வளைந்த ஒரு பொருள் கிடைத்தது. அவர் பயன்படுத்திய திரவங்களுள் டிரைகிரெசில் பாஸ்பேட்டும் ஒன்று. நாம் இன்று வாழும் பிளாஸ்டிக் யுகத்தின் வாசல்களில் ஒன்று அங்கே திறந்தது.

*

அடுத்த நான்கே ஆண்டுகளில் அப்பொருளின் மறுமுகம் வெளிப்பட்டது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. ஆயினும் ஜமைக்கா இஞ்சிச் சாறு என்ற பெயரில், பெருமளவு ஆல்கஹால் கலந்த ஒரு வயிற்று மருந்து மருந்துக் கடைகளில் விற்பனையாயிற்று. ஜேக் என்று அதை அழைத்தார்கள். அதை மதுவாகப் பயன்படுத்தாமலிருக்க, குறிப்பிட்ட அளவு இஞ்சிச் சத்து அதில் இருந்தாக வேண்டுமென்பது அரசின் விதி. அதிகாரிகள் சாற்றைக் கொதிக்கவைத்து, எஞ்சும் வண்டலை எடைபோட்டுப் பார்ப்பார்கள். காரமான இஞ்சிச் சத்துக்குப் பதிலாக, ஆவியாகாமல் பாத்திரத்திலேயே எஞ்சி எடைகாட்டும் வேறொரு மலிவுப் பொருள் பாஸ்டன் நகர வியாபாரிகள் இருவருக்குத் தேவைப்பட்டது. அவர்கள் தேர்ந்தெடுத்தது நெகிழ்வூட்டியாக விற்கப்பட்ட டிரைகிரெசில் பாஸ்பேட்டை.

1930 பிப்ரவரி இறுதியில் ஓக்லஹோமா நகர மருத்துவர் எஃப்ரைம் கோல்ட்ஃபெயின், பாதம் தொய்ந்து நடக்க இயலாத நோயாளியொருவரைக் கண்டார். ஒரே நாளில் அதேபோல் வேறு சிலரும் வந்தனர். சில மாதங்களுக்குள் தென் மாநிலங்களிலும் மத்திய மேற்கிலும் பல்லாயிரக்கணக்கானோர் அதே நிலையை அடைந்தனர். பெரும்பாலோர் கூலிகள், ஏழைகள். நல்ல மது வாங்க வசதியில்லாதவர்கள். முன்பாதம் தரையில் தட்டி, பின் குதிகால் விழும் அந்த நடைக்கு ஜேக் கால் என்று பெயர் வந்தது. ப்ளூஸ் பாடகர்கள் அதைப் பாடல்களில் பதிவு செய்தார்கள். அமெரிக்க அரசின் ஆய்வாளர் மாரிஸ் ஸ்மித்தும் அவர் குழுவினரும் அதே ஆண்டில் காரணத்தைக் கண்டுபிடித்தனர்: அந்த நெகிழ்வூட்டியில் கலந்திருந்த ஆர்த்தோ வகை மூலக்கூறு.

இந்த நச்சின் இயல்பை இங்கே விளக்கியாக வேண்டும். உட்கொண்டவுடன் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வரலாம், வராமலும் போகலாம். பிறகு எல்லாம் சரியாகிவிட்டதுபோல் ஓர் அமைதி. ஒன்றிலிருந்து மூன்று வாரங்கள் கழித்துக் கெண்டைக்காலில் வலி தொடங்கும். பாதம் மரத்துப்போகும், தொய்ந்துவிடும். அடுத்துக் கையும் மணிக்கட்டும் தொய்யும். நரம்பணுக்களைப் பேணும் நொதியொன்றை இந்நச்சு முடக்கிவிடுவதால், உடலின் மிக நீண்ட நரம்பிழைகள் நுனியிலிருந்து பின்னோக்கிச் சிதைகின்றன. தண்டுவடமும் பாதிக்கப்பட்டிருந்தால், தொய்வு நீங்கிய பின்னர் கால்கள் விறைப்புக் கொள்ளும். முறிமருந்து கிடையாது. உண்டதற்கும் விழுந்ததற்கும் நடுவே இருக்கும் அந்த இரண்டு மூன்று வாரங்கள்தாம் இந்நச்சுக்குக் கிடைத்த மிகப் பெரிய மறைவிடம். மூன்று வாரங்களுக்கு முன்னர் எந்த எண்ணெயில் சமைத்தோம் என்று யாருக்கு நினைவிருக்கும்?

*

1930-க்குப் பிறகு இதை அறியாதவர்கள் அறிவியல் உலகில் இல்லை. ஆயினும் ஆலைகள் அதைத் தயாரித்துக்கொண்டுதான் இருந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தேவை மேலும் பெருகியது. 1944-இல் லண்டனின் டொனால்ட் ஹன்ட்டர், தம் சகாக்களோடு சேர்ந்து, தொழில்நோய்களுக்கான பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். டிரைகிரெசில் பாஸ்பேட் தயாரிப்பில் ஈடுபட்டிருந்த தொழிலாளர் மூவருக்கு நரம்புத் தளர்ச்சி ஏற்பட்டதை அது விவரித்தது. அம்மூவரும் நச்சைக் குடித்தவர்களல்லர். அதனிடையே வேலை செய்தவர்கள். இப்பொருள் தோல் வழியாகவும் உடலில் இறங்கக்கூடியது.

நெகிழ்வூட்டிகளால் தொழிலாளர் படும் துன்பம் இதனோடு முடியவில்லை. தாலேட்டுகள் என்ற வேறொரு குடும்பம் பிற்பாடு சந்தையைக் கைப்பற்றியது. 1973-இல் சோவியத் மருத்துவர்கள் செயற்கைத் தோலும் பிளாஸ்டிக் தாளும் செய்யும் ஆலைகளில் 147 தொழிலாளரைப் பரிசோதித்து, அவர்களிற் கணிசமானோரிடம் நரம்பு அழற்சியைக் கண்டதாக எழுதினர். அவ்வாலைகளில் தாலேட்டுகளோடு டிரைகிரெசில் பாஸ்பேட்டும் ஓரளவு பயன்பாட்டில் இருந்தது. 2006-இல் சீனாவில் பி.வி.சி. தரைவிரிப்பு ஆலையொன்றின் 74 ஆண் தொழிலாளரை ஆராய்ந்தவர்கள், தாலேட்டு ஏற்காத பிற தொழிலாளரைவிட அவர்களிடம் ஆண்மைச் சுரப்பு குறைந்திருப்பதைக் கண்டார்கள். இதற்கிடையே 1974-இல், செமான் பணியாற்றிய அதே குட்ரிச் நிறுவனத்தின் லூயிவில் ஆலையில், பி.வி.சி.யின் மூலப்பொருளான வினைல் குளோரைடு வாயுவைச் சுவாசித்த தொழிலாளர் சிலர் அரிதான கல்லீரல் புற்றுநோயால் மாண்டது வெளிப்பட்டு உலகை உலுக்கியது.

குழந்தைகளுக்கான பொம்மைகளில் சில தாலேட்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல் தற்காலிகமாகவும் 2005-இல் நிரந்தரமாகவும் தடை செய்தது. வரவேற்க வேண்டிய செயலே. ஆயினும் பொம்மையை வாயில் வைக்கும் குழந்தைக்குக் கிடைத்த கவனம், அப்பொம்மைக்கான கலவையைக் கிளறும் கைகளுக்குக் கிடைக்க எவ்வளவு காலம் ஆகிறது என்பதையும் நாம் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

*

ஆலைக்குள் இருந்த ஆபத்து மதிலைத் தாண்டியது பெரும்பாலும் கொள்கலங்கள் வழியாகவே. 1937-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 60-க்கும் மேற்பட்டோர் சமையல் எண்ணெய் வழியாக இந்நச்சுக்கு ஆளாயினர். 1940-இல் சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ 80 படைவீரர்கள் இயந்திரத் துப்பாக்கிக்கான எண்ணெய் தவறுதலாகச் சமையலில் சேர்ந்ததால் நடை இழந்தனர். 1955-இல் மீண்டும் டர்பனில், இந்நச்சு இருந்த பழைய டிரம்களில் சேமித்த குடிநீரே கேடாயிற்று. அதை ஆராய்ந்து எழுதிய மெர்வின் சஸ்ஸரும் ஸீனா ஸ்டைனும் பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற நோய்ப்பரவல் அறிஞர்கள் ஆனார்கள். 1959-இல் மொராக்கோவின் மெக்னஸ் நகரைச் சுற்றி நேர்ந்தது மாபெரும் அவலம். அமெரிக்க விமானத் தளமொன்றிலிருந்து உபரியாக விற்கப்பட்ட ஜெட் எஞ்சின் எண்ணெயை வியாபாரிகள் சமையல் எண்ணெயில் கலந்தார்கள். ஏறத்தாழ 10,000 பேர் முடமாயினர். அவர்களை மீண்டும் நடக்கப் பழக்குவதற்குச் செஞ்சிலுவைச் சங்கங்களின் மருத்துவர்களும் இயன்முறைப் பயிற்சியாளர்களும் பல நாடுகளிலிருந்து வரவேண்டியிருந்தது. 1962-இல் பம்பாயில் இதே நச்சால் ஏற்பட்ட நரம்புத் தளர்ச்சி மருத்துவ இதழில் பதிவாயிற்று.

இவற்றுள் சில பேராசையால் நேர்ந்தவை, சில கவனக்குறைவால். ஆனால் எல்லாவற்றிலும் ஒரே கதைதான். ஆலைக்கோ எஞ்சினுக்கோ உரிய திரவம் சமையலறையை அடைகிறது. அதை அடையாளம் காண மணமோ சுவையோ உதவுவதில்லை.

*

இப்போது இலங்கைக்கு வருவோம். 1977–78-இல் மலையகத்தின் வெவ்வேறு தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்ட இளம்பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கைகால் தளர்ந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். கெண்டைக்கால் வலி, பாதத் தொய்வு, மணிக்கட்டுத் தொய்வு. எல்லோரும் பருவமடைந்து அதிக நாளாகாதவர்கள்.

அந்நாளைய மலையகத்தின் நிலையை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். தமிழகத்திலிருந்து கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கை போட்டுப் பங்கிட்டது. 1970களின் முற்பகுதியில் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதே காலத்தில் உணவுத் தட்டுப்பாடு வந்து தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1977 ஆகஸ்டில் இனக்கலவரம். லயத்துக் காம்பராவில் பிறந்து, விடியலில் பிரட்டுக்களத்தில் நின்று, நாள் முழுதும் கொழுந்து பறித்து வாழ்ந்த குடும்பங்கள் இவை. பணியிடமும் குடியிருப்பும் மருத்துவமும் ஒரே தோட்ட நிர்வாகத்தின் எல்லைக்குள் அடங்கியிருந்தன.

இந்த வாழ்விலும் ஒரு பெண்பிள்ளை பெரியவளாகும்போது அவளுக்கென்று தனிக் கவனம் உண்டு. அவளைத் தனியே அமர்த்தி, பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது தமிழரிடையே பரவலான வழக்கம். எலும்பு வலுப்படும், இடுப்பு உறுதிப்படும், நாளை பிள்ளைப்பேற்றைத் தாங்கும் என்பது தாய்மாரின் நம்பிக்கை. அன்றாடச் சமையலுக்குத் தேங்காயெண்ணெய் புழங்கும் நாட்டில் நல்லெண்ணெய் சற்றே சிறப்பான பொருள். கூலிப் பணத்தில் அதை வாங்கிவந்து, வீட்டில் வேறு யாருக்கும் தராமல் அந்தப் பெண்ணுக்கு மட்டுமே கொடுத்தார்கள்.

மருத்துவர்கள் நிமல் சேனாநாயக்கவும் ஜே. ஜெயரத்தினமும் 1981 ஜனவரியில் லான்செட் இதழில் தம் முடிவை வெளியிட்டனர். அந்த நல்லெண்ணெயில் டிரைகிரெசில் பாஸ்பேட் கலந்திருந்தது. முன்பு கனிம எண்ணெய் வைத்திருந்த கொள்கலங்களில் நல்லெண்ணெயை ஏற்றிவந்ததே பெரும்பாலும் காரணமாயிருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. ஏன் பெண்பிள்ளைகள் மட்டும், ஏன் இந்த வயதில் மட்டும், ஏன் ஒன்றோடொன்று தொடர்பற்ற தோட்டங்களில் என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்தச் சடங்கே விடையாக அமைந்தது. சேனாநாயக்க நோயாளிகளை மூன்றாண்டுகள் தொடர்ந்து பரிசோதித்து எழுதிய மற்றொரு ஆய்வும் 1981-இல் வெளிவந்தது. புற நரம்புகளோடு தண்டுவடப் பாதிப்பின் அறிகுறிகளும் தென்பட்டதை அது பதிவு செய்கிறது.

வரலாற்றில் கொடுமையான முரண்கள் பல உண்டு. இது அவற்றுள் ஒன்று. அந்த எண்ணெய் அன்பினால் கொடுக்கப்பட்டது. அலட்சியமாக வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு ஒன்றும் நேரவில்லை. பார்த்துப் பார்த்து ஊட்டப்பட்ட பிள்ளையே விழுந்தாள். தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண்ணின் பிழைப்பு அவளுடைய காலிலும் விரலிலும் இருக்கிறது: செங்குத்துச் சரிவில் ஊன்றி நிற்கும் பாதம், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் விரல்கள். நச்சு பறித்தது சரியாக அவ்விரண்டையும்தான்.

இதை மூடநம்பிக்கையின் விளைவு என்று எளிதாகச் சொல்லிவிடுபவர்கள் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. புரதமும் கொழுப்பும் குறைந்த உணவில் வாழும் பெண்ணுக்கு, வளரும் பருவத்தில் முட்டையும் எள்ளெண்ணெயும் தருவது அறிவுள்ள ஏற்பாடு. சடங்கில் பிழையில்லை, கொள்கலத்தில்தான் பிழை. அதைக் கழுவிவிட்டால் போதுமென்றோ, கழுவவே தேவையில்லையென்றோ எண்ணியவர்களுக்கும், ஒரு கொள்கலம் கைமாறும்போது அதன் முந்தைய உள்ளடக்கத்தைச் சொல்லியாக வேண்டுமென்று வற்புறுத்தாத அமைப்புக்கும் உரிய பழியை அத்தாய்மார் மேல் ஏற்றுவது நியாயமாகாது.

ஜெயரத்தினம் பிற்பாடு சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். வளரும் நாடுகளில் பூச்சிக்கொல்லி நச்சால் தொழிலாளர் படும் துன்பத்தைப் பற்றிய அவருடைய மதிப்பீடுகள் உலகளவில் பேசப்பட்டன. வளரும் நாடுகளின் தொழில்நலம் குறித்து அவர் தொகுத்த நூல் 1992-இல் வெளிவந்தது. ஆலைத் தொழிலாளரின் நோயையும் அடுப்படியில் வந்த நோயையும் வேறு வேறாகப் பார்க்காத மருத்துவ மரபு அது.

*

இத்தோடு இந்நச்சின் பயணம் முடிந்திருந்தால் நன்று. 1988-இல் கல்கத்தாவின் பெஹாலா பகுதியில் டிரைகிரெசில் பாஸ்பேட் கலந்த சமையல் எண்ணெயை உண்டு நூற்றுக்கணக்கானோர் கைகால் விளங்காமற் போயினர். பாஸ்டன் சம்பவத்துக்கு 58 ஆண்டுகள் கழித்து, ஹன்ட்டரின் கட்டுரைக்கு 44 ஆண்டுகள் கழித்து, லான்செட் கட்டுரைக்கு ஏழே ஆண்டுகள் கழித்து. இன்று ஆலைகள் ஆர்த்தோ வகை மிகக் குறைந்த டிரைகிரெசில் பாஸ்பேட்டையே பெரும்பாலும் தயாரிக்கின்றன. பொருளின் அபாயம் அவ்வளவில் தணிந்திருக்கிறது. அது சமையலறைக்கு வந்த பாதை அடைபட்டுவிட்டதா என்பதே நம் கேள்வி.

அக்கேள்விக்கு நமது கரையே ஒரு விடை சொல்கிறது. 2023 மே மாதத்தில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்ற மீனவர் குடியிருப்பில் கள்ளச்சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து மாண்டனர். அதே நாள்களில் செங்கல்பட்டு மாவட்டத்தின் மதுராந்தகம் பகுதியிலும் சாவுகள் நேர்ந்தன. இரு இடங்களிலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்கள் குடித்தது ஆலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால் என்று காவல்துறை அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அதே மெத்தனால் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. மெத்தனால் நெகிழ்வூட்டியன்று; அது பார்வையையும் உயிரையும் பறிக்கும் வேறொரு நச்சு. ஆனால் 1930-இன் ஜேக்குக்கும் எக்கியார்குப்பத்துச் சாராயத்துக்கும் இடையே உள்ள ஒற்றுமையைக் காணாமலிருக்க முடியாது. ஆலைக்கென விற்கப்பட்ட மலிவான திரவம், கணக்கில் வராமல் வெளியேறி, உடல் நோக உழைத்து மாலையில் மலிவாக எதையேனும் குடிக்க வருபவனின் கையில் சேர்கிறது.

இன்னொரு காட்சி இதைவிட அமைதியானது. தமிழகத்தின் எந்த ஊரிலும், நமது கடற்கரைக் குப்பங்களிலும், வீட்டு வாசலில் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்களைப் பார்க்கலாம். லாரித் தண்ணீரைப் பிடித்துவைக்க அதைவிட உறுதியான, மலிவான பாத்திரம் கிடையாது. பழைய சாமான் கடைகளில் வாங்கப்படும் அவற்றில் பல, ஏதோவொரு ஆலைக்கு ஏதோவொரு இரசாயனத்தைச் சுமந்து வந்தவை. சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, தண்ணீர் ஊற்றிவைக்கிறார்கள். 1955-இல் டர்பன் மக்கள் செய்ததும் ஏறக்குறைய இதுவே.

சட்டம் இதை அறியாமலில்லை. இந்தியாவின் அபாயகரமான கழிவுகள் பற்றிய 2016-ஆம் ஆண்டு விதிகள், அபாயகரமான இரசாயனம் படிந்த காலி டிரம்களையும் கொள்கலங்களையும் அபாயக் கழிவாகவே பட்டியலிடுகின்றன. ஆலை அவற்றை நச்சுநீக்கம் செய்யும் உரிமம் பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும், மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் பாஸ்பரஸ் நச்சை ஆரம்பத்திலேயே சேர்த்திருந்தது. ஆனால் அந்தப் பட்டியலின் பார்வை ஆலை மதிலோடு நின்றுவிடுகிறது. லயத்துக் காம்பராவில் விழுந்த சிறுமியும், உப்பளத்துக் கொட்டகையில் டிரம் தண்ணீர் குடிப்பவரும், குப்பத்தில் சாராயம் குடித்தவரும் எந்த ஆலையின் தொழிலாளருமல்லர். எனவே அவர்களுடைய நோய் தொழில்நோய் ஆவதில்லை. விபத்தாகவோ குற்றமாகவோ விதியாகவோ ஆகிவிடுகிறது.

1700-இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, நோயாளியிடம் மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, உன் தொழில் என்ன என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டுமென்று எழுதினார். தொழில்நல மருத்துவம் முழுவதும் அந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்தது எனலாம். டிரைகிரெசில் பாஸ்பேட்டின் வரலாறு அதனோடு இன்னொரு கேள்வியையும் சேர்க்கச் சொல்கிறது: நீ உண்டதும் குடித்ததும் எந்தக் கலத்திலிருந்து வந்தது, அதில் இதற்குமுன் என்ன இருந்தது?

இக்கேள்வியை மருத்துவர் மட்டுமன்றி டிரம் விற்பவரும் வாங்குபவரும் ஊராட்சியும் கேட்டாக வேண்டும். ஒவ்வொரு டிரம்மின் மேலும் அது சுமந்த பொருளின் பெயர், எளிதில் பெயர்த்தெடுக்க முடியாதபடி, தமிழில் பொறிக்கப்பட்டிருந்தால் எழுதப்படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை அந்த வீட்டைக் காப்பாற்றிவிடுவாள். இன்று பெரும்பாலான டிரம்களில் இருப்பது ஆங்கில எழுத்தும் சில குறியீடுகளும்தாம். பல கைகள் மாறிய பின் அவையும் மழுங்கிவிடுகின்றன. உப்பளத்திலும் கடலிலும் தோட்டத்திலும் உழைப்பவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மிகச் சிறிய நீதி, அவர்கள் நீர் மொண்டு குடிக்கும் கலத்தின் கடந்தகாலத்தை அவர்களுடைய மொழியில் அவர்களுக்குச் சொல்வதே.